பாட்டில் பிரஷ் விற்கக் கூடாது

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால்கள் இரண்டையும் மட்டும் அதில் சேர்க்காதே. அவை என்னோடு பேச்சை நிறுத்தி ஆறு மாதமாகிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு உனக்குப் பார்வை எப்படி? படிக்க முடிகிறதா?

முடிகிறது என்றால் இத்துடன் இருக்கும் பத்திரத்தைப் படி. முடியவில்லை என்றால் இன்னும் நல்லது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

பிரஷ் கம்பெனிக் கட்டடத்தை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். உள்ளே நுழைந்ததிலிருந்து கையில் அளவு டேப்போடுதான் நடக்கிறார். நம் ஆட்கள் அவருக்கு 'டேப்புக்காரர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வார்னிஷ் அறையில் நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். "கொஞ்சம் நகருங்க சார், ஒன்றரை அடி மறைக்கறீங்க" என்றார்.

அப்பா கட்டடத்தை நம் இருவர் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனதால் உன் கையெழுத்தும் வேண்டும். மார்ச் 31 வரை காத்திருப்பதாக டேப்புக்காரர் சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடமாக நட்டம். மாதம் பதினெட்டாயிரம் என் சேமிப்பிலிருந்து போகிறது. இப்படியே போனால் அடுத்த வருடம் சேமிப்பும் இருக்காது. மகள் தன் வீட்டில் கீழ் அறையை எங்களுக்காகக் காலி செய்து வைத்திருக்கிறாள். போய்விடலாம் என்று இவள் தினமும் சொல்கிறாள். இங்கே வேலை செய்யும் பத்தொன்பது பேருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

யோசித்துச் சொல் என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? நீ யோசிக்க ஆரம்பித்தால் எனக்குப் பயம்.

மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

தம்பி

•

செப்டம்பர் 12

தம்பிக்கு என் ஆசிகள்.

கண் நன்றாகத் தெரிகிறது. எதிர்வீட்டு மாடியில் காயும் துப்பட்டியின் கிழிசல் தெரிகிறது. நீ அனுப்பிய பத்திரத்தில் பதினோரு எழுத்துப் பிழைகள் தெரிகின்றன. கையெழுத்திடவில்லை. பத்திரம் என்னிடமே இருக்கட்டும்.

இது குறித்து நீ இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாய். இனி இதைக் காகிதத்தில் மட்டும் பேசுவோம். தொலைபேசியில் நீ எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்பாய். காகிதத்தில் ஒரே சொல்லை அத்தனை முறை எழுதினால் கை வலிக்கும்.

நட்டம் என்று எழுதியிருக்கிறாய். எங்கே, எதனால், எவ்வளவு தூரத்தில் என்று எழுதவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வணிகக் கணக்கு கற்பித்தவளிடம் வந்து வெறுமனே 'நட்டம்' என்பது, வைத்தியரிடம் போய் 'உடம்பு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்றது. எனக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒரு மாதம் முழுவதும் ஒரு பிரஷ்கூடச் செய்யாமல் எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாலும் ஆகிவிடும் செலவுகள் ஒன்றில். ஒரு பிரஷ் செய்து விற்றால் மட்டும், அந்தப் பிரஷுக்காகவே ஆகும் செலவு மற்றதில். இரண்டையும் கலக்காதே. நிலைமையைச் சரிசெய்ய உனக்குத் தோன்றும் யோசனைகளையும், அவை எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், எழுது.

உன் உறையைப் பிரித்தபோது வார்னிஷ் வாசனை வந்தது. எந்த மேசையில் வைத்து எழுதினாய் என்று கேட்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் நீயும் நானும் துளை போட்ட கட்டைகளை நூறு நூறாக அடுக்குவோம். தொண்ணூற்றெட்டு வந்ததுமே நீ நூறு என்று கூவிவிடுவாய். துளைக்காரர் உன்னை 'ரெண்டு குறைச்சல்' என்றே கூப்பிட்டார். எனக்கு அவர் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை. திருப்பி எண்ணிவிடுவேன் என்ற பயம்தான் காரணம்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவினால் போதாது, நட.

அக்கா

•

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சொன்னபடி நடக்கிறேன்; வாசலிலிருந்து வார்னிஷ் அறை வரை நாலு நடை. நீ சுகம்தானே?

பட்டியல் எழுதுவதற்காகக் கத்தரிக்காரம்மாவைக் கேட்டேன். நார் முனைகளைக் கத்தரித்துச் சமப்படுத்துகிறவர். நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவர். இன்று பட்டறைக்கே அவர்தான் தலைவி. "ஒரு மாசம் நாம யாரும் ஒண்ணுமே செய்யலைன்னா என்ன செலவாகும்?" என்றேன். "அதைத்தான் வாரத்துல ரெண்டு நாள் செஞ்சு பார்த்துக்கிட்டிருக்கோமே முதலாளி" என்றார்.

முதல் பட்டியல்: பத்தொன்பது பேர் சம்பளம், காவல்காரர், கட்டட வரி, காப்பீடு, கணக்கருக்குக் கொடுப்பது, மின்சாரத்தின் அடிப்படைக் கட்டணம். எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

இரண்டாம் பட்டியல்: கட்டை, நார், கம்பி, வார்னிஷ், பெட்டி, கடைக்காரருக்குக் கழிவு. பாலிஷ் பிரஷானாலும் துணி பிரஷானாலும் ஒன்றுக்கு முப்பத்திரண்டு. விற்பது ஐம்பதுக்கு. இரண்டும் சேர்த்து மாதம் ஒன்பதாயிரம் போகிறது.

யோசனைகள். ஒன்று, புது நார் பதிக்கும் இயந்திரம். நார் சேதாரம் குறைந்து பிரஷுக்கு மூன்று மிச்சமாகும். கடன் தவணை மாதம் நாற்பத்தைந்தாயிரம். இரண்டு, விலையில் நாலு ஏற்றுவது. போன தடவை இரண்டு ஏற்றினோம், பத்தாயிரத்து நானூறாக இருந்த விற்பனை ஒன்பதாயிரமானது. மூன்று, துணி பிரஷை நிறுத்திவிடுவது. ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டம், நாலாயிரம் விற்றால் எட்டாயிரம் நட்டம் என்கிறார் கணக்கர்.

பால் பண்ணைக்காரர் ஒருவர் மாதம் நாலாயிரம் பாட்டில் பிரஷ் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் அது செய்வதில்லை. ஒன்றுக்குப் பன்னிரண்டு நட்டம்.

பின்முற்றத்தில் ஈரக் கட்டைகளைக் காயப்போட்டிருக்கிறோம். நீ அவற்றின் மேல் நடப்பாய், நான் விழுவேன், அடி எனக்கு விழும். ஞாபகம் இருக்கிறதா?

தம்பி

•

அக்டோபர் 9

தம்பிக்கு ஆசிகள். நான் சுகமே.

ஞாபகம் இருக்கிறது. விழுந்தவன் அழுதான், ஆகவே அடி வாங்கினான்.

இனி உன் கணக்கு. ஒரு பிரஷை ஐம்பதுக்கு விற்கிறாய். அதற்கென்றே ஆனது முப்பத்திரண்டு. கையில் நிற்பது பதினெட்டு. இந்தப் பதினெட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்த்தான் அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை அடைக்க வேண்டும். பத்தாயிரம் பிரஷ் விற்றால் அடைபடும். லாபமும் நட்டமும் இல்லாத இடம் அது. நீ ஒன்பதாயிரத்தில் நிற்கிறாய். ஆகவே உன் வியாதியின் பெயர் 'நட்டம்' அல்ல, 'ஆயிரம் பிரஷ்'. பெயர் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

உன் யோசனைகளை இந்த இடத்தை வைத்தே அளப்போம். எது அதை உன்னருகே கொண்டுவருகிறது, எது தள்ளிக்கொண்டு போகிறது என்பது மட்டுமே கேள்வி. இயந்திரம் வாங்கினால் பதினெட்டு இருபத்தொன்றாகும். ஆனால் தவணையும் சேர்ந்து அடைக்க வேண்டியது இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரமாகும். பத்தாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து பிரஷ் விற்க வேண்டும். அதாவது, கடன் வாங்கி உன்னை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வாய். வேண்டாம்.

விலையில் நான்கு ஏற்றினால் எட்டாயிரத்து நூற்று எண்பத்திரண்டே போதும். கேட்க இனிக்கிறது. ஆனால் போன முறை இரண்டு ஏற்றியதற்கே ஆயிரத்து நானூறு போயிற்று என்று எழுதியிருக்கிறாய். நான்கு ஏற்றினால் எண்ணூறோடு நின்றுவிடும் என்று யார் உனக்கு உறுதி கொடுத்தது?

துணி பிரஷை நிறுத்தினால் நாலாயிரம் பதினெட்டுகள் போய்விடும், எழுபத்திரண்டாயிரம். காவல்காரர் துணி பிரஷ் இல்லை என்பதற்காகச் சம்பளத்தில் பாதியை வேண்டாம் என்று சொல்வாரா? உன் கணக்கர் நல்ல மனிதராக இருக்கலாம். அவரை நான் தேர்ச்சி பெறவிட்டிருக்க மாட்டேன்.

வழியில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் பால் பண்ணைக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். பாட்டில் பிரஷுக்கென்று ஆகும் செலவு எவ்வளவு? அவர் தருவது எவ்வளவு? அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

•

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக மழை. பின்முற்றத்துக் கட்டைகளையெல்லாம் உள்ளே அடுக்கினோம். இவளுக்கு இருமல், குறைந்துவிட்டது. உனக்குக் காது அடைப்பு எப்படியிருக்கிறது?

பாட்டில் பிரஷுக்கு நார், கம்பி, பெட்டி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு. அவர் முப்பது தருவார். அலுவலக அறையில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. பழைய அட்டை. மாதச் செலவு முழுவதையும் விற்கும் பிரஷ்களின் எண்ணிக்கையால் வகு, வருவதை ஒவ்வொரு பிரஷின் மேலும் சமமாக ஏற்று, அந்த விலைக்குக் கீழே எதையும் விற்காதே என்று அதில் இருக்கிறது. இப்போது தலைக்கு இருபது வருகிறது. ஆகவே பாட்டில் பிரஷ் நாற்பத்திரண்டு ஆகிறது. பன்னிரண்டு நட்டம். அதனால்தான் விற்பதில்லை. மற்ற இரண்டும் ஐம்பத்திரண்டு ஆனாலும், விலையை ஏற்ற முடியாமல் ஐம்பதுக்கே விடுகிறோம்.

டேப்புக்காரர் போன வாரம் ஒரு கட்டட வரைபடக்காரரோடு வந்தார். மாடியில் ஒன்பது அறை வருமாம்.

மழைக்காலம், கவனமாக இரு.

தம்பி

•

நவம்பர் 8

தம்பிக்கு ஆசிகள். காது அப்படியே இருக்கிறது. கேட்க வேண்டியவை குறைந்துவிட்டதால் தொந்தரவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எந்த மூடன் எழுதிய அட்டை அது?

பொறுமையாகச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் உன் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கும் சம்பளம் கொடுக்கிறாய். அந்த இரண்டு நாளில் அவர்கள் பாட்டில் பிரஷ் முறுக்கினால் காவல்காரருக்கோ வரிக்கோ காப்பீட்டுக்கோ ஒரு காசு கூடப் போவதில்லை. பிறகு எதற்கு அதன் மேல் இருபது? இருபத்திரண்டு செலவழித்து முப்பது வாங்குகிறாய், எட்டு நிற்கிறது. நீ மாதந்தோறும் தேடும் பதினெட்டாயிரத்துக்கு எட்டெட்டாக இரண்டாயிரத்து இருநூற்றைம்பது பாட்டில் பிரஷ் போதும். பால் பண்ணைக்காரர் நாலாயிரம் கேட்கிறார். இரண்டு வருடமாக வாசலில் நின்று கேட்கிறார்.

அந்தக் காலத்தில் பாட்டில் பிரஷ் செய்த முறுக்கு இயந்திரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நாரைப் பரப்பி, கைப்பிடியைச் சுற்றியதும் நார்கள் எல்லாப் பக்கமும் சிலிர்த்து எழும். பள்ளிக்குப் போகும் முன் பத்துச் சுற்று சுற்றிவிட்டுத்தான் போவேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் வந்து பார்த்தேன். மேலே சாக்குப் போர்த்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "நட்டம்மா" என்றார் அப்பா. அப்படியானால் அந்த அட்டை அப்பா காலத்தது.

ஆச்சரியமில்லை. படிப்பு முடிந்து, அலுவலக அறையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று அவரிடம் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும்; நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். "நீ படிச்சவ. உனக்கெதுக்கு இந்தத் தூசி?" என்றார். பெண்ணின் மூளைக்கு அந்த அறையில் இடமில்லை என்பதைத்தான் அவ்வளவு நயமாகச் சொன்னார். ஊர் விட்டு ஊர் வந்து அந்நியர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் யாரோ ஒரு அரைகுறையின் அட்டையை மாட்டிக்கொண்டு தொழிலை நடத்தினார். எழுதியது அவரா, அவரைச் சுற்றியிருந்த ஆமாம்சாமிகளில் ஒருவரா? பெயர் தெரிந்தால் எழுது. எனக்கு ஒரு சின்ன ஆசை.

உன் மனைவியின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

அக்கா

•

டிசம்பர் 20

தம்பிக்கு ஆசிகள்.

ஆறு வாரங்களாகக் கடிதமில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் உன் மனைவி, "கம்பெனியில இருக்கார் அண்ணி, வந்ததும் சொல்றேன்" என்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் கம்பெனியில் இருக்கிறாய்.

நான் எழுதியது உன்னைப் புண்படுத்தியதோ என்று என் நகலை எடுத்து மறுபடி படித்தேன். கணக்கில் பிழை எதுவும் தென்படவில்லை.

உடம்புக்கு ஏதாவதா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

•

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இவளும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியிலேயே முறுக்கு இயந்திரத்தின் மேலிருந்த சாக்கை எடுத்துவிட்டேன். கத்தரிக்காரம்மா பக்கத்தில் வந்து நின்று, "நான் சேர்ந்த வருஷமே இதை ஓட்டலாமான்னு கேட்டேன். எனக்கு இப்பப் பேத்தி பொறந்தாச்சு" என்றார். டிசம்பரில் எண்ணூறு செய்து அனுப்பினோம். பால் பண்ணைக்காரர் அத்தனையையும் எண்ணிப் பார்த்தார்.

உனக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். அட்டையைப் பற்றி எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ அப்பாவைத் திட்டாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அது நீ எழுதியது அக்கா.

கல்லூரியில் முதல் வருடம் முடிந்து வந்த விடுமுறை. உன் கையில் புதுசாக ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அப்பா, "ஒரு பிரஷுக்கு நிஜமா என்ன செலவாகுதுன்னு யாராலயும் எனக்குச் சொல்ல முடியலை, நீ சொல்லேன் பார்ப்போம்" என்றார். நீ மூன்று நாள் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்குப் பதினாலு வயசு. தண்ணீர் கொண்டுவந்தால்கூட வெளியே வைத்துவிட்டுப் போ என்றாய். ஒரு பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு விடுமுறை முடிந்து போய்விட்டாய். உனக்கு மறந்துவிட்டது. மூன்று நாள் வேலைதானே.

அப்பா பிரஷ் கட்டையிலேயே அதற்குச் சட்டம் செய்து, தானே வார்னிஷ் அடித்து மாட்டினார். அந்த மாதமே பாட்டில் பிரஷ் நின்றது. கடைக்காரர்கள் வந்து விலையைக் குறைக்கக் கேட்டால் நாற்காலியைத் திருப்பி அட்டையைக் காட்டுவார். "என் பொண்ணு போட்ட கணக்கு. இதுக்குக் கீழே நான் இறங்கினா அவளுக்கு யார் பதில் சொல்றது?"

அவருடைய கடைசி வருடத்தில் அப்போதிருந்த பழைய கணக்கர் என் முன்னாலேயே சொன்னார், "முதலாளி, அந்த அட்டை தப்புங்க. பாட்டில் பிரஷை விட்டிருக்கக் கூடாது." அப்பா கோபப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தப்பாவே இருக்கட்டும். எழுதினவ படிச்சவ. மாத்தணும்னா அவ வந்து மாத்தட்டும்" என்றார்.

"அவங்க எங்க வரப்போறாங்க?"

"வருவா. என்கிட்ட சண்டை போடறதுக்காவது வருவா."

நீ அதற்கப்புறம் வந்தது அவரை எடுத்துப்போன அன்றைக்குத்தான். அலுவலக அறைக்குள் நீ போகவில்லை.

முப்பது வருடமாக அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்கிறேன். தப்பு என்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். நான் எப்படி அதைக் கழற்றுவது?

தம்பி

•

பிப்ரவரி 17

தம்பிக்கு.

உன் கடிதம் ஜனவரி பத்தாம் தேதி வந்தது. இன்றுதான் பதில் எழுதுகிறேன். நடுவில் எனக்கு உடம்புக்கு எதுவுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். யாரிடமும் பேசவில்லை, பேசுவதற்கு இங்கே யாருமில்லை என்பது ஒரு வசதி.

அந்த மூன்று நாள் நினைவுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியே மரத்தூள் பறந்து தாளின் மேல் உட்காரும். ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதினேன். பாடப்புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் வரை படித்திருந்தேன். அப்பா கேட்ட விஷயம் ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது. அடுத்த ஆண்டு அதைப் படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் அதைக் கற்பித்தேன். இந்தப் பிழையைச் செய்த பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டேன். நான்காம் அத்தியாயத்தோடு எழுதிய ஒரு தாள் ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரில் நான் எழுதிய கடிதத்தில் அட்டையை எழுதியவரைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் அப்படியே நிற்கட்டும். அப்பாவைப் பற்றிச் சொன்னவற்றை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

பாட்டில் பிரஷ் விற்கக் கூடாது என்ற விதி, அதை இயற்றியவரால் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. அட்டையைக் கழற்றிவிடு. எனக்கு அனுப்பிவைக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பால் பண்ணைக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பதுக்கு மேல் போகும் ஒவ்வொரு மாதமும் கம்பெனி தன் காலில் நிற்கும். இயந்திரக் கடன் தேவையில்லை, விலையைத் தொட வேண்டாம், யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என் கணக்கு சொல்வது இவ்வளவே. உன் முழங்கால்கள் அதில் இல்லை. மகள் வீட்டுக் கீழ் அறை அதில் இல்லை. எழுபத்தொரு வயதில் தினமும் காலையில் அந்தப் படியேற உனக்கு விருப்பமா என்பதும் இல்லை. செப்டம்பரில் நீ பத்திரத்தை அனுப்பியபோது, மூடலாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்றுகூட நீ நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. நான் கேட்கும் வழக்கம் உள்ளவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் ஒரு விதியை எழுதி நீட்டிவிட்டு, மற்றவர் அதனோடு எப்படி வாழ்வார்கள் என்று பார்க்காமல் ரயிலேறிவிட்டேன். இன்னொரு முறை அதைச் செய்வதாக இல்லை. ஆகவே பத்திரத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு பிழைகளையும் திருத்தியிருக்கிறேன். விற்றாலும் எனக்குச் சம்மதம், நடத்தினாலும் சம்மதம். விற்பதாயிருந்தால், களைத்துப்போய்விட்டேன் என்று சொல்லி விற்றுவிடு. நட்டம் என்று மட்டும் சொல்லாதே. அது இனி உண்மையில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா

•

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படியிருக்கிறாய் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. எழுது.

மார்ச் மாதம் பாலிஷ் பிரஷும் துணி பிரஷும் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. பதினெட்டால் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. பாட்டில் பிரஷ் இரண்டாயிரத்து அறுநூறு; எட்டால் பெருக்கினால் இருபதாயிரத்து எண்ணூறு. இரண்டையும் கூட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கழித்தால் ஆயிரத்து எழுநூற்று இருபது மிச்சம். நானே போட்டேன். கணக்கர் சரி பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பால் பண்ணைக்காரர் மாதம் ஆறாயிரம் எடுக்கிறேன், இருபத்தேழுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். எட்டு ஐந்தாகிவிடும். நாலாயிரத்துக்கு எட்டு வைத்தால் வருவதைவிட ஆறாயிரத்துக்கு ஐந்து வைத்தால் இரண்டாயிரம் குறைவு. வாசலிலேயே நின்று மனக்கணக்காகப் போட்டு, முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி டேப்புக்காரர் வந்தார். அன்று இவளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து அலுவலக அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு பெட்டிகளை அவள் கட்டிவிட்டிருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

"அக்கா கையெழுத்து வந்துடுச்சா சார்?" என்றார்.

பத்திரத்தை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "யார் இவ்வளவு திருத்தினது?"

"அவங்கதான்."

"சரி, இனி உங்களோடது ஒண்ணுதான் பாக்கி. போட்டுடுங்க."

"பேனா தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே என் இடம் இருந்தது. கத்தரிக்காரம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "பால் பண்ணை வண்டி நிக்குது. ரசீது எழுதணுமாம். டிரைவர் அவசரப்படறார்." ரசீதுப் புத்தகத்தை இழுத்து, அந்தப் பேனாவாலேயே எழுதினேன். மாதத்தின் கடைசி லோடு, எழுநூறு. கீழே கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். பிறகு மூடியைப் போட்டு, பேனாவை டேப்புக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் பேனாவைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் வந்து பார்க்கட்டுமா சார்?"

"தாராளமா வாங்க. டீ சாப்பிட்டுப் போகலாம்."

அவர் படியிறங்கினார். பெட்டியைப் பற்றி இவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "ரெண்டு மாசம் நான் மட்டும் போய் இருந்துட்டு வரேன். ஒரு பெட்டி போதும்" என்றாள். பிறகு என் சட்டைப்பையைக் காட்டினாள்.

"பேனா இவ்வளவு நேரமா அங்கதான் இருந்துச்சு."

அன்புடன்,
தம்பி